விற்பனைக்கு ஒரு பனி மண்வெட்டி, ஒரு மெத்தை, ஒரு கிரைண்டர்

தம்பி,

நம் வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரம் எட்டு மணியிலிருந்து ஒன்பது மணிக்கு மாற்றப்பட்டிருக்கிறது. இந்த மாதத்தின் முதல் திங்கட்கிழமையிலிருந்து இது நடைமுறைக்கு வந்தது. அவசரப்பட்டு எடுத்த முடிவல்ல. உன் அம்மாவும் நானும் ஹாலில் எதிரெதிரே உட்கார்ந்து, என் சர்க்கரை மாத்திரை, அவளுடைய முழங்கால், மறுநாள் தோசைக்கு மாவைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைக்க வேண்டிய நேரம் ஆகிய அனைத்தையும் பரிசீலித்து, ஏகமனதாக நிறைவேற்றினோம். பக்கத்து வீட்டு பாஷா பாய் பார்வையாளராகக் கலந்துகொண்டு டீ குடித்தார். மார்ச் மாதம் சாப்பாடு மறுபடியும் எட்டு மணிக்குத் திரும்பும். மூன்று வருடங்களாக, வருடத்துக்கு இரண்டு முறை, இந்த வீட்டில் இது நடந்துகொண்டிருக்கிறது. உனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் இருந்தோம். இப்போது சொல்ல வேண்டியதாகிவிட்டது.

குளிர்காலம் வந்தால் அமெரிக்காவில் உன் ஊர்க்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைக்கிறார்கள். அதனால் அங்கே காலை ஒன்பது மணிக்கு வரும் ஒரு வானொலி நிகழ்ச்சி, ஆம்பூரில் மாலை ஏழரைக்குக் கேட்டுக்கொண்டிருந்தது, எட்டரைக்குப் போய்விடுகிறது. அரை மணி நேர நிகழ்ச்சி. அது முடிந்த பிறகுதான் இந்த வீட்டில் தட்டு வைப்பது. உன் ஊரின் வானொலி நிலையத்தை நாங்கள் கேட்கிறோம், தம்பி. மழை பெய்தாலும் கேட்கிறோம், கரண்ட் போனாலும் கேட்கிறோம். உன் முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் காரை ஓட்டிக்கொண்டே எங்களோடு பேசினாய். பின்னால் ஒரு ஆள் நிதானமான குரலில் ஏதோ பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தான். யாரடா என்று கேட்டேன். "லோக்கல் ரேடியோப்பா. செத்தவங்க பேரு படிப்பான். இதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க" என்றாய். யாரும் கேட்காத ஒன்றை எதற்கு நடத்துகிறார்கள் என்ற கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. நிலையத்தின் பெயரைக் குறித்துக்கொண்டேன். ஊரைவிட்டுப் போன பிள்ளைகள் தம் பள்ளிக்கூடத்துக் கால்பந்தைக் கேட்பதற்காக அதை இணையத்திலும் விடுகிறார்கள் என்று பாஷா பாயின் பேத்தி இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்து என் போனில் போட்டுக் கொடுத்தாள். ஊரைவிட்டுப் போகாத அப்பாக்களும் கேட்பார்கள் என்பதை அவர்கள் எதிர்பார்த்திருக்க முடியாது.

உன்னிடம் மறைத்ததற்குக் காரணம் உண்டு. சொன்னால் வேவு பார்க்கிறோம் என்று நினைப்பாய். இன்னொன்று, உன் அம்மாவின் புகழ் கெட்டுவிடும். "நாளைக்கு ஜாஸ்தி பனி கொட்டும் கண்ணு, வேலைக்குச் சீக்கிரம் கெளம்பு" என்று அவள் சொல்வாள். மறுநாள் கொட்டும். "அம்மாவுக்கு எப்படியோ மனசுல தெரிஞ்சிடுதுப்பா" என்று நீ ஆச்சரியப்படுவாய். அவள் மனசுக்கு எதுவும் தெரியாது. வேய்ன் என்பவருக்குத் தெரியும். காலை நிகழ்ச்சியின் கடைசி இரண்டு நிமிடம் அவர் வானிலை வாசிப்பார்.

நீ அந்த ஊரில் நான்கு வருடம் இருந்தும் இதையெல்லாம் கேட்டதில்லை என்பதால், அந்த நிலையத்தின் வரலாற்றைச் சுருக்கமாக நான் சொல்கிறேன். உன் ஊர் நம் பக்கத்து ஆலங்காயத்தைவிடச் சிறியது. ஆலங்காயத்துக்குத் தனி வானொலி நிலையம் உண்டா? நம் நாட்டில் வானொலி என்றால் அரசாங்கம் பேசும், நாம் கேட்போம். அங்கே ஒரு விதை வியாபாரி, உலகப் போர் முடிந்த சில வருடங்களில், தன் கடையில் விதை வந்திருப்பதை ஊருக்குச் சொல்ல ஆள் விட்டு மாளாமல், ஒரு நிலையத்தையே ஆரம்பித்தார். மக்காச்சோளக் காட்டின் நடுவே ஒரு கம்பத்தை நட்டார். அரசாங்கம் அனுமதி கொடுத்தது, ஒரு நிபந்தனையோடு: சூரியன் மறைந்ததும் வாயை மூடிவிட வேண்டும். இருட்டிய பிறகு வானொலி அலை அதிக தூரம் போகுமாம். பெரிய நகரத்து நிலையங்களோடு போய் மோதுமாம். அதனால் பல வருடம் வெயில் காலத்தில் நீளமாகவும் குளிர்காலத்தில் குட்டையாகவும் பேசிய நிலையம் அது. பகலில் மட்டும் கணவனைத் திட்டும் பெண்டாட்டி போல என்று பாஷா பாய் சொன்னார். அவர் வீட்டில் அப்படி நேர வரையறை கிடையாது என்பதால் ஏக்கத்தோடு சொன்னார்.

எழுத்து விஷயமும் உண்டு. அமெரிக்காவில் ஒவ்வொரு நிலையத்துக்கும் மூன்று அல்லது நான்கு எழுத்தில் ஒரு பெயர். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே இருந்தால் பெரும்பாலும் 'கே'யில் தொடங்கும். கிழக்கே இருந்தால் 'டபிள்யூ'. ஓர் ஆறு ஒரு தேசத்தின் பெயர்களை இரண்டாகப் பிரிக்கிறது. நம் பாலாற்றை நம்பி இப்படி எதையும் பிரிக்க முடியாது; எங்கே ஆறு, எங்கே கரை என்று நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும். எழுத்துக்குப் பிறகு வருவது ஃபார்மட். அதாவது, இந்த நிலையம் எதைப் போடும் என்பது. நாட்டுப்புறப் பாட்டு ஒரு ஃபார்மட். பழைய பாட்டு ஒரு ஃபார்மட். பேச்சு மட்டும், ஜெபம் மட்டும், விவசாயம் மட்டும், விளையாட்டு மட்டும் என்று தனித்தனி. ஒரு நிலையம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் அதைத்தான் போட வேண்டும், அது சலிக்கும்வரை. முப்பத்தாறு வருடம் தோல் பதனிடும் தொழிற்சாலையில் தரம் பிரித்தவனுக்கு இது உடனே பிடித்துப்போயிற்று. ஒரு தேசமே தன் சத்தத்தை மேசை போட்டுத் தரம் பிரித்து அடுக்கி வைத்திருக்கிறது.

உன் ஊர் நிலையம் ஐந்து முறை ஃபார்மட் மாற்றியிருக்கிறது. விதை வியாபாரி காலத்தில் எல்லாமும் போட்டார்கள். அவர் மகன் நாட்டுப்புறப் பாட்டுக்கு மாற்றினான். ஜனங்கள் காரில் தெளிவாகக் கேட்கும் வேறு நிலையங்களுக்குப் போய்விட்டார்கள். பழைய பாட்டுக்கு மாற்றினான். அப்புறம் பேச்சு. யார் யாரையோ திட்டுகிற பேச்சு, தலைநகரத்திலிருந்து செயற்கைக்கோளில் வந்தது. அப்புறம் ஒரு வருடம் ஜெபம். இப்போது மறுபடியும் பழைய பாட்டு, அதையும் கம்ப்யூட்டரே போடுகிறது. ஆள் என்று இருப்பது இரண்டு பேர்: வேய்ன், அப்புறம் விளம்பரமும் போனும் பார்த்துக்கொள்கிற ஓர் அம்மா. இந்த ஐந்து மாற்றத்திலும் மாறாதவை மூன்று. செத்தவர் பெயர் வாசிப்பது, பள்ளிக்கூடத்துக் கால்பந்து, காலை ஒன்பது மணிக்கு வரும் வாங்க-விற்க நிகழ்ச்சி. கால்பந்தில் உன் ஊர்ப் பையன்கள் இந்த வருடம் தொடர்ந்து தோற்றுவருகிறார்கள். உன் அம்மாவுக்கு அந்த ஆட்டத்தில் பந்து என்ன வடிவம் என்றுகூடத் தெரியாது. ஆனால் சனிக்கிழமை காலையில் கேட்கிறாள்: "அந்தப் பசங்க இன்னா ஆனாங்க?" தோற்றுவிட்டார்கள் என்றால், "பாவம், அவனுங்களுக்கு யாரு சோறு போடறது" என்கிறாள்.

வாங்க-விற்க நிகழ்ச்சிதான் எங்கள் உயிர். வீட்டில் வேண்டாத பொருள் இருந்தால் போன் செய்து சொல்லலாம். ஒருவருக்கு மூன்று பொருள். துப்பாக்கி கூடாது. கடைக்காரர்கள் பேசக் கூடாது. பொருளைச் சொல்லி, விலையைச் சொல்லி, போன் நம்பரைச் சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். வாங்க ஆள் வந்துவிட்டால் வேய்ன் அந்தப் பொருளை 'பெண்டிங்' என்று அறிவிப்பார். ஒரு வாரத்தில் கை மாறாவிட்டால் மறுபடியும் பட்டியலில் ஏறும். டிராக்டர் டயர், கோழிக்கூண்டு, வைக்கோல் கட்டு, தொட்டில், ஒரு முறை ஆர்மோனியம் மாதிரி ஒன்று. மூன்று வருடத்தில் உன் ஊரில் யார் வீட்டில் குழந்தை வளர்ந்துவிட்டது, யார் மாடு வளர்ப்பதை நிறுத்திவிட்டார், யாருக்கு முட்டி போய்விட்டதால் சைக்கிளை விற்கிறார் என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. நீ சொல்லாத உன் ஊரை நாங்கள் அவர்கள் விற்பதிலிருந்து தெரிந்துகொண்டோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஊர்ச் செய்தியில், நீ வேலை செய்யும் தோல் தொழிற்சாலையில், மருந்தில் ஊறவைத்துப் பதனிடும் குரோம் பிரிவை மூடப்போகிறார்கள் என்று வேய்ன் வாசித்தார். இனிமேல் தோலை வெட் ப்ளூவாகப் பதனிட்டு நீலமாக்கி அனுப்பமாட்டார்கள். உப்புப் போட்டு, மடித்து, அப்படியே கப்பலில் ஏற்றிவிடுவார்கள். உன் அம்மாவுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. உப்புப் போடுவதற்குத் தோல் தொழில்நுட்பம் படித்தவன் தேவையில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது, சொல்வாய் என்று காத்திருந்தேன். "எல்லாம் நல்லா போகுதுப்பா" என்றாய். அதற்கடுத்த ஞாயிறும் அதையே சொன்னாய். நானும் கேட்கவில்லை.

சாப்பாட்டு நேரம் மாற்றிய அதே வாரம், வியாழக்கிழமை. அம்மா அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். பாஷா பாய் வழக்கம்போல் டீக்கு வந்திருந்தார். போனை டம்ளருக்குள் நிறுத்தி வைத்திருந்தோம். அப்படி வைத்தால் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாகக் கேட்கும். வேய்ன் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஒரு குரல் ஆங்கிலத்தில், "வணக்கம், என்னிடம் மூன்று பொருள் இருக்கிறது" என்றது. அம்மாவின் கை நின்றது. பனி அள்ளும் மண்வெட்டி ஒன்று, மெத்தை ஒன்று என்றது. மூன்றாவதைச் சொல்லத் தயங்கியது. "மூன்றாவது, கிரைண்டர். கல்லில் அரைக்கும்."

"மாவா?" என்றார் வேய்ன்.

"மாவுதான். ஆனால் ஈரமானது. அரிசியைத் தண்ணீரில் ஊறவைத்து அரைப்பது. அது இந்தியக் கரண்டில் ஓடுவது. கூட ஒரு டிரான்ஸ்பார்மரும் தருகிறேன்."

"ரொம்ப வருடமாக இந்த நிகழ்ச்சியை நடத்துகிறேன்," என்றார் வேய்ன், "ஈர மாவு இதுதான் முதல் தடவை."

நீ சிரித்தாய். நம்பரைச் சொன்னாய். வைத்துவிட்டாய். உன் நம்பரை வேய்ன் ஊருக்கு இரண்டு முறை வாசித்தார்.

"நம்ம பையன் குரலு," என்றாள் அம்மா.

"ஆமா."

"குரலு இளைச்சிருக்கு."

பாஷா பாய் டீயைக் கீழே வைத்தார். "வேற நல்ல கிரைண்டரு வாங்கறானோ இன்னாவோ, தங்கச்சி," என்றார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் மறுபடியும் டம்ளரை எடுத்துக்கொண்டார். நீ இங்கிருந்து தூக்கிக்கொண்டு போன கிரைண்டரை யோசிக்கவில்லை நான். மண்வெட்டியை யோசித்தேன். நவம்பர் மாதத்தில், முதல் பனி விழும் முன்பே, பனி அள்ளும் மண்வெட்டியை விற்கிறவன் அந்தக் குளிர்காலத்தில் அந்த ஊரில் இருக்கப்போவதில்லை. அம்மா யோசித்தது வேறு. அவரைக்காய் முழுவதும் நார் எடுத்து முடித்த பிறகு கேட்டாள்: "மெத்தைய வித்துட்டா எதுல படுப்பான்?"

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். இருவரும் ஒன்றும் கேட்பதில்லை என்று பேசி வைத்திருந்தோம். அம்மா அந்த ஒப்பந்தத்தை மீறவில்லை; மாவைப் பற்றி மட்டும் கேட்டாள். "மாவு அரைச்சியா கண்ணு?" "அரைச்சேன்மா, நேத்துதான் அரைச்சேன்." "புளிச்சுதா?" "நல்லா புளிச்சுதும்மா." கிரைண்டரை விற்கப் போட்டுவிட்டு நீ சொன்னது பொய் என்று நாங்கள் வருத்தப்படவில்லை, தம்பி. இவ்வளவு நன்றாகச் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறாயே என்பதுதான். அது யாரிடம் கற்றது என்று யோசித்ததில் இரண்டு சம்பவங்கள் நினைவுக்கு வந்தன. இரண்டிலும் குற்றவாளி நான்.

முதலாவது உனக்கு நினைவிருக்கும். உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். நீ கையில் கொடுத்தாய். நான் அதைப் படிக்கவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போய், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, விரலால் ஒரு முறை தடவினேன். தோலில் உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், கத்திபட்ட இடம் எல்லாம் அப்படித்தான் தெரியும், பழக்கம். பிறகு உன்னிடம் திருப்பிக் கொடுத்து, "தேர்டு செலக்ஷன்" என்றேன். மூன்றாம் தரம். அம்மா அடுக்களையிலிருந்து, "அது பையன், தோலு இல்லீங்க" என்று சத்தம் போட்டாள். நான் சிரித்தேன். நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு, வேலை கிடைத்தால் சொன்னாய், விசா வந்தால் சொன்னாய், சம்பளம் ஏறினால் சொன்னாய். தழும்பு உள்ள எதையும் என் ஜன்னல் பக்கம் நீ கொண்டுவந்ததே இல்லை. எவ்வளவு நல்ல பிள்ளை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது உனக்குத் தெரியாது. நீ நான்காம் வகுப்பு படிக்கும்போது நான் 'இன்சார்ஜ்' ஆனேன். பள்ளிக்கூடத்துப் படிவத்தில் அப்பாவின் வேலை என்ற இடத்தில் 'இன்சார்ஜ்' என்று நீ கொட்டை எழுத்தில் எழுதினாய். அம்மா ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வரவழைத்துத் தெரு முழுக்கக் கொடுத்தாள். உண்மை என்னவென்றால், அந்த வருடம் மழைக்காலத்தில் வெளிச்சம் சரியில்லாத ஒரு மத்தியானம், உண்ணித் தழும்பு நிறைந்த ஒரு முழு அடுக்கை முதல் தரம் என்று நான் விட்டுவிட்டேன். வெளிநாட்டுக்காரன் அத்தனையையும் திருப்பி அனுப்பினான். முதலாளி திட்டவில்லை. என்னைத் தரம் பிரிக்கும் மேசையிலிருந்து எடுத்து, பச்சைத் தோலுக்கு உப்புப் போடும் கிடங்குக்கு அனுப்பினார். பதினான்கு மாதம். உப்புக் கிடங்கில் என்னைத் தவிர யாரும் இல்லாததால், பொறுப்பு என்னுடையது என்று சொல்வதில் தவறில்லை என முடிவு செய்து, வீட்டில் 'இன்சார்ஜ்' என்று சொன்னேன். வேலை முடிந்ததும் தொழிற்சாலையிலேயே குளித்துவிட்டு வருவேன். அப்படியும், "இன்சார்ஜ் ஆனா இவ்ளோ நாத்தம் வருமா?" என்று அம்மா கேட்டிருக்கிறாள். அந்தத் தொழிற்சாலைக்குத் தோல் பதனிடும் மருந்துச் சரக்கு கொண்டுவந்துகொண்டிருந்த பாஷா பாய் என்னைக் கிடங்கில் முட்டிவரை உப்போடு பார்த்தார். "இன்னா தோஸ்து, ஊறுகாயா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இருபத்திரண்டு வருடமாக அவர் யாரிடமும் சொல்லவில்லை.

நீ பேசிய அந்த ஞாயிறு இரவே இதை அம்மாவிடம் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து நான் செய்த பெரிய ஒப்புதல் வாக்குமூலம் அது. அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்," என்றாள்.

"எப்போலேர்ந்து?"

"பேடா வாங்கறப்பவே."

"அப்புறம் ஏன் தெருவுக்கெல்லாம் குடுத்த?"

"நீங்க இன்சார்ஜுன்னு சொல்லிட்டீங்க. இன்னா பண்றது, குடுத்துதான் ஆவணும். இல்லன்னா அக்கம்பக்கத்துல நீங்க பொய் சொன்ன மாதிரி ஆய்டும்ல."

இருபத்திரண்டு வருடம் நான் காப்பாற்றிய ரகசியத்தை அவள் எனக்காகக் காப்பாற்றியிருக்கிறாள் என்று அன்றுதான் தெரிந்தது. உனக்கு நான் கொடுக்கக்கூடிய அறிவுரை ஒன்று உண்டென்றால் அது இந்த இடத்தில் இருக்கிறது. எடுத்துச் சொல்ல எனக்கு வரவில்லை. நீயே பார்த்துக்கொள்.

ஆக, மறுநாள் திங்கட்கிழமை காலை கடைத்தெருவுக்குப் போய் என் போனுக்கு வெளிநாட்டுக்குப் பேசும் ரீசார்ஜ் போட்டுக்கொண்டு வந்தேன். உன்னோடு எப்போதும் இணையத்தில்தானே பேசுகிறோம். நிலையத்தின் தரைவழி போனுக்கு அது ஆகாது. இரவு எட்டரைக்கு முன்னதாகவே பாஷா பாய் வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். என் ஆங்கிலம் தொழிற்சாலை ஆங்கிலம் என்பது அவருக்குத் தெரியும். செலக்ஷன், ரிஜெக்ஷன், ஷிப்மென்ட், பெண்டிங். நான்கு வார்த்தைதான், ஆனால் அதில் முப்பத்தாறு வருடம் பிழைத்தேன். "நிதானமா பேசு தோஸ்து. பேஜாராயிடாத. அவன் நல்ல ஆளு," என்றார் பாய். எல்லோருக்கும் வேய்னைத் தெரியும் இந்த வீட்டில்.

நிலையத்தின் போனைப் பார்த்துக்கொள்கிற அந்த அம்மாள் எடுத்தாள். வாங்கவா விற்கவா என்றாள். வாங்க என்றேன். காத்திருக்கச் சொன்னாள். அப்புறம் வேய்ன் குரல், என் காதுக்குள்ளேயே. மூன்று வருடம் டம்ளரில் கேட்ட குரல். முதலில் அவர் சொன்னது, "ஐயா, உங்கள் ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள்." இணையத்தில் வருவது அரை நிமிடம் பின்னால் வரும், அதனால் இரண்டும் சேர்ந்து இரைகிறது. ரேடியோ ஓடிக்கொண்டிருந்த தன் போனை அம்மா முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள், அணைக்கவில்லை. 

"கிரைண்டர்," என்றேன். "போன வியாழக்கிழமை சொன்னது. ஈர மாவு. நான் எடுத்துக்கொள்கிறேன். பெண்டிங் போடுங்கள்."

"நல்லது. விற்பவரிடம் பேசினீர்களா? நம்பர் இருக்கிறதா?"

"நம்பர் இருக்கிறது."

"எங்கிருந்து பேசுகிறீர்கள்?"

"இந்தியா. தமிழ்நாடு. ஆம்பூர்."

வானொலியில் மௌனம் கூடாது, தம்பி. அது அவர்கள் தொழிலில் பெரிய குற்றம். மூன்று வருடத்தில் அந்த நிலையத்தில் நான் மௌனத்தைக் கேட்டதில்லை. அன்று கேட்டேன். பிறகு அவர் மெதுவாகக் கேட்டார், "ஐயா, அது கல். கனமாக இருக்குமே. எப்படிக் கொண்டுபோவீர்கள்?"

"விற்பவரே கொண்டுவருவார்," என்றேன்.

"அவரை உங்களுக்குத் தெரியுமா?"

"முப்பத்தொரு வருஷமாக."

பாஷா பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேய்ன் தொண்டையைச் செருமினார். "அவசரமா?" என்றார்.

இதற்கு நான் தயாராக இல்லை. என் நான்கு வார்த்தைகளில் எதுவும் உதவவில்லை. "அவசரம் இல்லை," என்றேன். "அவர் வேறு ஊருக்குப் போனாலும் சரி. அங்கேயே வைத்து அரைத்தாலும் சரி. எனக்கு விற்றாகிவிட்டது, வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம். அவ்வளவுதான். அவரிடம் சொல்லுங்கள், தரம் பார்க்கமாட்டேன். நோ செலக்ஷன்." வேய்னுக்கு அந்தக் கடைசி வார்த்தை புரிந்திருக்காது. உனக்குப் புரியும்.

"கிரைண்டர், பெண்டிங்," என்றார் வேய்ன். "இந்தியாவில் உள்ள ஒரு பெரியவருக்கு." அடுத்து ஒரு பெண் வைக்கோல் கட்டு பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

நான் போனை வைத்த பிறகு, அம்மாவின் முந்தானைக்குள்ளிருந்து என் குரல் மறுபடியும் வந்தது, அரை நிமிடம் தாமதமாக. மூன்று பேரும் உட்கார்ந்து, மிச்சமிருந்த அரை நிமிடம் என்னையே கேட்டோம். அந்தக் குரலில் நடுக்கம் இருந்தது, இரண்டு இடத்தில் பிசிறு இருந்தது. பழைய நானாக இருந்தால் மூன்றாம் தரத்தில்கூடச் சேர்த்திருக்கமாட்டேன். "நல்லா பேசினீங்க," என்றாள் அம்மா. இதுவரை அவள் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. தட்டு வைத்தோம்.

அன்றிலிருந்து நீ பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை, "கொஞ்சம் வேலை, அப்புறம் பேசறேன்" என்று இரண்டு வரி அனுப்பினாய். நீ அந்த நிகழ்ச்சியைக் கேட்டாயா, யாராவது உனக்குச் சொன்னார்களா, ஒன்றும் தெரியாது. அதனால்தான் இது. தபாலில் போட்டால் நீ வீட்டைக் காலி செய்தபின் வந்து சேரும். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்பாய். கையால் எழுதி, பாஷா பாயின் பேத்தியிடம் கொடுத்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எழுத்துப் புரியாத இடத்தை விட்டுவிட்டுப் படி. அங்கே முக்கியமாக ஒன்றும் இல்லை.

ஊருக்குத் திரும்பி வா என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. வராதே என்று சொல்வதற்காகவும் இல்லை. இங்கே வாணியம்பாடி பக்கம் பாஷா பாயின் மச்சான் தொழிற்சாலையில் குரோம் பிரிவுக்கு ஆள் தேடுகிறார்கள். இது யோசனை இல்லை, தகவல். வேறு மாநிலத்துக்குப் போவதானால் போ. இந்தத் தொழிலே வேண்டாம் என்றால் விடு. ஒரு நிலையம் ஐந்து முறை ஃபார்மட்டை மாற்றியிருக்கிறது, சம்பந்தமில்லாத பாட்டெல்லாம் போட்டிருக்கிறது, ஒரு வருடம் முழுக்க ஜெபம் செய்திருக்கிறது. எழுத்து அதேதான், கம்பமும் அதே சோளக்காட்டில்தான் நிற்கிறது, வேய்ன் காலையில் வந்து உட்கார்ந்து செத்தவர் பெயரை ஒழுங்காக வாசிக்கிறார். ஊர் அதை விட்டுவிடவில்லை. பழைய பாட்டு பிடிக்கவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே கேட்கிறது. நாங்களும் அந்த மாதிரி ஊர்தான். முணுமுணுப்போம். அணைத்துவிட மாட்டோம்.

உனக்கு வேலை போயிருந்தால், அதை முதலில் எங்களிடம் சொல்லலாம். சொல்லும்போது நான் ஜன்னல் பக்கம் போகமாட்டேன். நீ எந்த நேரம் பேசினாலும் எடுப்போம், எட்டரையிலிருந்து ஒன்பது தவிர. அந்த நேரம் பேசினாலும் எடுப்போம். மெத்தையைப் பற்றி அம்மாவுக்கு ஒரு பதில் சொல். அது மட்டும் தாமதிக்க வேண்டாம். இரண்டு வாரமாக அவளும் சரியாகப் படுக்கவில்லை.

இதை எழுதி முடித்தது இரவு எட்டு மணிக்கு. பேத்தியிடம் கொடுக்கும் முன் இன்றைய நிகழ்ச்சி வந்துவிட்டது, அதையும் சேர்த்துவிடுகிறேன். பட்டியலில் இருந்த பழைய பொருட்களை வேய்ன் வாசித்தார். மண்வெட்டி ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குப் போயிற்று. மெத்தை இன்னும் இருக்கிறது. கிரைண்டரை விற்பவரே போன் செய்து பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொன்னதாகவும், விமானத்தில் எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று அவர் நிலையத்து அம்மாளிடம் விசாரித்ததாகவும் வேய்ன் அறிவித்தார்.